புகாராக எழுதிய மனு

எங்கள் கட்சிக் கிளையின் இளைஞர்கள் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். என் பணிக்கால நினைவுகளை ஒரு பக்கத்துக்குள், 'இனிமையாகவும் ஊக்கமூட்டும் விதமாகவும்' எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே ஒரு நற்செய்தியும் சொன்னார்கள். இனிமேல் எம்.பி. வாராவாரம் குறை கேட்கும் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுத ஆள் வேண்டியதில்லையாம். குடியிருப்பாளர் அழ அழக் கணினி கேட்டுக்கொண்டிருந்து, அவர் மூக்கைத் துடைப்பதற்குள் கடிதத்தை நீட்டிவிடுமாம். பேஷ்! இருபத்திரண்டு வருஷம் இடுப்பு ஒடிய நான் பார்த்த வேலை. கணினிக்கு இடுப்பு இல்லை, கொடுத்து வைத்தது.

ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. இனிமையாகவும் வரவில்லை. போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் பவானி. சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தத் தொகுதி என்று சொல்ல மாட்டேன். தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் பக்கமாக நடந்தால், பை கனக்க ஆரம்பிப்பதற்குள் எங்கள் அடுக்குமாடி புளோக் வந்துவிடும். அவ்வளவு தெரிந்தால் போதும். எம்.பி.யின் பெயர் அறவாழி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவர் பாஸ்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தட்டச்சு வேலை. கப்பலில் என்னென்ன கெட்டிருக்கிறது என்று பட்டியல் அடிப்பேன். பிறகு மனிதர்களுக்கு என்னென்ன கெட்டிருக்கிறது என்று பட்டியல் அடிக்க வந்தேன். பயிற்சி என்று பார்த்தால் மூன்று திங்கட்கிழமை. எனக்கு முன்னால் இருந்த சீன அம்மா, யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, யார் அழுதாலும் கூட அழாதே, டிஷ்யூ பெட்டியை உன் பக்கமாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றாவதை மட்டும் கடைசிவரை தவறாமல் கடைப்பிடித்தேன்.

சந்திப்பு திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளியில். பகலில் நான்கு வயசுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் மாலையில் எழுபது வயசுக்காரர்கள் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் யானையும் ஆப்பிளும் சிரிக்கும். வருகிறவர் வரிசை எண் எடுத்து, ஐசி என்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். முகவரி நம் தொகுதி இல்லையென்றால், உங்கள் எம்.பி. இன்னார், அவருடைய நாள் புதன்கிழமை என்று புன்னகையோடு வழி சொல்லி அனுப்பிவிடுவோம். நம் தொகுதி என்றால் கதையைக் கேட்டு, படிவம் நிரப்பி, கடிதம் அடித்து, ஆளையும் கடிதத்தையும் சேர்த்து பாஸிடம் அனுப்புவோம். வந்தவர் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ அழுதிருப்பார். கடிதம் ஆங்கிலத்தில் போகும். அதில் எல்லாருடைய அழுகையும் ஒரே அளவாக வெட்டித் தைக்கப்பட்டிருக்கும்.

கடிதத்துக்கு உயிர் கடைசி வரியில். 'தக்க நடவடிக்கைக்கு அனுப்புகிறேன்' என்று முடிந்தால், இவர் வந்தார், நான் எழுதினேன், உங்கள் சௌகரியம்போலச் செய்யுங்கள் என்று பொருள். 'கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்றால், இந்த ஆள் மறுபடியும் வருவார்போல இருக்கிறது, ஏதாவது செய்து தொலையுங்கள். 'நானே நேரில் விசாரித்தேன்' என்றால்தான் விஷயம் மெய். இதை வருஷத்தில் நாலைந்து முறைக்கு மேல் போட்டால் அதற்கு மரியாதை போய்விடும் என்பது பாஸின் கொள்கை.

பாஸ் நல்ல மனுஷர். சந்தேகமே வேண்டாம், அவரே அடிக்கடி சொல்வார். 'முடியாது' என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. 'பார்க்கலாம்லா' என்பார். எங்கள் ஊருக்கே உரிய அந்த 'லா'வில் இருக்கும் கனிவைக் கேட்டு, காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர். எதிரே யாராவது அழுதால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பார்ப்பவர்களுக்கு, பாவம், இவருக்கே கண் கலங்கிவிட்டது என்று தோன்றும். அவருக்குக் கிட்டப்பார்வை. கழற்றிவிட்டால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது, பதறாமல் கேட்கலாம் என்று ஒருநாள் காப்பிக்கடையில் என்னிடம் சொன்னார்.

வீடு வீடாகப் போவதற்கும் ஒரு முறை உண்டு. நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நடப்பேன். கதவு திறப்பதற்குள் 'முழங்கால் வலி', 'பேரன் பிறந்திருக்கிறான்' என்று காதில் ஓதுவேன். கதவு திறந்ததும் பாஸ், "முழங்கால் எப்படி இருக்கு அங்கிள்?" என்பார். அங்கிள் உருகிப்போவார். ஒருமுறை நடுவில் ஒரு வீடு பூட்டியிருந்தது, பட்டியல் ஒரு படி நகர்ந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை. பாஸ் ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று கலங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்காரர் கையில் தோசைக் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். பாஸ் அசரவில்லை. "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்," என்றார்.

நாடாளுமன்றத்தில் எந்தத் தேசியப் பிரச்சினையைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு ஓர் ஆள் வேண்டும். "பவானி, ஒரு ஆள் குடுங்க. முப்பது செகண்ட்ல சொல்ற மாதிரி. மனசைத் தொடணும், பேர் வேண்டாம்," என்பார். கோப்புகளைப் புரட்டி ஆள் கொடுப்பேன். கேலாங்கிலிருந்து எங்கள் புளோக்குக்கு மாறிவந்த ஒரு கிழவரை மூன்று விவாதங்களில் பயன்படுத்தினோம். முதலில் மருத்துவச் செலவுக்கு, அப்புறம் லிஃப்டுக்கு, கடைசியில் தனிமைக்கு. மனுஷர் தனக்கே தெரியாமல் நாட்டுக்கு உழைத்தார்.

இனி மனுவுக்கும் புகாருக்கும் உள்ள வித்தியாசம். நான் சொல்ல வந்ததே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. மனு என்றால், 'எனக்கு உதவுங்கள்' என்பது. நாலு வாரமோ ஆறு வாரமோ கழித்து வருத்தத்தோடு ஒரு பதில் வரும். புகார் என்றால், 'இது எனக்குத் தொந்தரவு' என்பது. மூன்று வேலை நாளில் ஆள் வருவார்கள், படம் பிடிப்பார்கள், சரிசெய்வார்கள், சரிசெய்ததையும் படம் பிடித்து அனுப்புவார்கள். புறா எச்சத்துக்குக் கிடைக்கும் வேகம் மனுஷனுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

புகார்களின் சக்கரவர்த்தி ஆறாவது மாடி வேலாயுதம் அண்ணன். செம்பவாங் கப்பல்துறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், மகன் ஆஸ்திரேலியாவில். திங்கட்கிழமை வரிசை எண் ஒன்று அவருக்குத்தான், ஆறரைக்கே வந்து நின்றுவிடுவார். மேல்மாடித் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, லிஃப்டில் டுரியான் பழ வாசம், காலை ஆறு மணிக்கு யாரோ தேங்காய் துருவுகிறார்கள். அடித்த கடிதத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, "இந்த இடத்துல இன்னும் ஸ்ட்ராங்கா போடும்மா," என்பார். அவர் ஒரு வாரம் வராவிட்டால் எங்களுக்கே என்னவோபோல இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, முப்பது வயசு மதிக்கத்தக்க ஓர் ஆள் என் மேசைக்கு வந்தான். வலது கையில் முழங்கைவரை கட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைபோல, அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். வழக்கம்போலப் படிவத்தை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டே ஐசியைக் கேட்டேன். வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கொடுக்கும் வொர்க் பர்மிட் அட்டையை நீட்டினான்.

பெயர் செல்வகுமார். புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. வேலையிடத்தில் கை இயந்திரத்தில் சிக்கியிருக்கிறது. மருத்துவமனையில் உடனே ஓர் அறுவைச் சிகிச்சை செய்து கையைக் காப்பாற்றிவிட்டார்கள். அறுந்த நரம்பை ஒட்டவைக்க இரண்டாவது சிகிச்சை பாக்கி. அதற்குக் கம்பெனி உத்தரவாதக் கடிதம் கொடுக்க வேண்டும். கம்பெனியோ, இவன் வேலை நேரத்தில் அடிபடவில்லை, எங்கேயோ விளையாடப் போய்க் கையை உடைத்துக்கொண்டான் என்று சாதித்தது. பர்மிட்டை ரத்து செய்து, ஊருக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். அன்புதான். விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து விடுதியிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

"மனிதவள அமைச்சுல எழுதிக் குடுத்திருக்கேன்க்கா. தேக்காவுல உதவி பண்றவங்களும் எழுதியிருக்காங்க. விசாரணை நடக்குது, காத்திருன்னு சொல்றாங்க. ஆனா டாக்டரு மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலேன்னா விரல் மடங்காதுன்னுட்டார்க்கா."

"தம்பி, நீ இந்தத் தொகுதி இல்லையே," என்றேன்.

"நான் எந்தத் தொகுதிக்கா?"

நல்ல கேள்வி. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பாதி நிரப்பிய படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டேன், விதி அப்படி. அவன் எழுந்து நின்று நன்றி சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் அதிக தூரம் போகவில்லை. பாலர் பள்ளிக்கு எதிரே, அதே கீழ்த்தளத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அங்கேயே படுத்தான். எம்.பி. என்றாவது அந்த வழியாக நடந்து போவார் என்று நம்பினானாம். பாவம், பாஸ் கார் நிறுத்துமிடத்திலிருந்து பின் கதவு வழியாக வருவார் என்று அவனுக்கு யார் சொல்வது?

அடுத்த திங்கட்கிழமை வரிசை எண் ஒன்று என் முன்னால் உட்கார்ந்தது.

"எழுதும்மா பவானி. ஒருத்தன் ஒரு வாரமா நம்ம பெஞ்சுல படுத்துக் கெடக்கான். தூண்ல இருக்கிற பிளக்ல போன் சார்ஜ் போடறான். அது பொதுக் கரண்ட்டு. கேக்க ஆளில்லையா?"

"யாரு என்னன்னு விசாரிச்சீங்களா அண்ணே?"

"வேற எங்கயாவது போப்பான்னு சொன்னேன். சிரிக்கிறான். நானும் தமிழன்தான், இல்லேங்கல. அதுக்காக?"

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மனு போட்டால் ஆறு வாரம். புகார் போட்டால் மூன்று நாள். அப்படியானால் இந்த மனுவைப் புகாராக எழுதினால் என்ன? தொகுதி இல்லாதவனுக்காக எழுத முடியாது, ஆனால் தொகுதிக்காரருக்கு அவனால் வந்த தொந்தரவைப் பற்றித் தாராளமாக எழுதலாமே! பவானி ரொம்பக் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று நானும் நம்பினேன்.

அண்ணனைப் பத்து நிமிஷம் உட்காரவைத்துவிட்டு பெஞ்சுக்குப் போனேன். அவனுடைய பர்மிட் எண், மருத்துவமனை அட்டை, ஃபோன் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தேன். கடிதம் இப்படி அமைந்தது: ஆறாவது மாடிவாசி ஒருவர் கீழ்க்காணும் தொந்தரவைத் தெரிவித்துள்ளார். ஒரு வெளிநாட்டு ஊழியர் பெஞ்சில் படுக்கிறார், பொது மின்சாரத்தை எடுக்கிறார். நிறுவனம் மருத்துவமனைக்குக் கடிதம் தராததே இதற்குக் காரணம். சிகிச்சை நடந்தால் இந்தத் தொந்தரவு தானாக நீங்கும். ஆகவே குடியிருப்பாளரின் நிம்மதியை முன்னிட்டு உடனே ஆவன செய்யவும். ஒரு பிரதி அமைச்சுக்கு, ஒரு பிரதி புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு. கடைசி வரி, 'நானே நேரில் விசாரித்தேன்.'

வேலாயுதம் அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இதுல அவன் ஆபரேஷன் எதுக்கும்மா வருது?"

"வேரோட பிடுங்கினாத்தானே அண்ணே மறுபடி வராது?"

"அதுவும் சரிதான். ஆனா அந்தப் பெஞ்சு, பிளக் விஷயத்த இன்னும் ஸ்ட்ராங்கா போடு."

போட்டேன். அவர் திருப்திப்பட்டால்தான் கையெழுத்துக்குப் போகும், அதனால் நன்றாகவே போட்டேன்.

பாஸ் கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். "நான் நேர்ல விசாரிச்சேனா?"

"ஆள் வெளியிலதான் பாஸ் உட்கார்ந்திருக்கான். இப்பவே விசாரிச்சிடலாம்."

"இன்னும் எத்தனை பேர் பாக்கி?"

"இருபத்தாறு."

"பார்க்கலாம்லா," என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. நகர மன்றத்தின் ஆட்கள் பெஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிளக்குக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தரையைக் கழுவினார்கள். செய்வதற்கு முன், செய்தபின் என்று இரண்டு படங்கள் என் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தன. முதல் படத்தில் செல்வகுமார் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், படம் எடுக்கிறார்களே என்று நிமிர்ந்து வேறு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது படத்தில் ஈரத் தரை இருந்தது.

செவ்வாய்க்கிழமை அமைச்சிலிருந்து ஃபோன். கம்பெனியோடு பேசிவிட்டார்களாம். கடிதம் மருத்துவமனைக்குப் போய்விட்டதாம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிகிச்சை, ஆளை வரச் சொல்லுங்கள். என் யோசனை பலித்துவிட்டது! மனுவாகப் போயிருந்தால் இன்னும் ஒரு மாசம் ஆகியிருக்கும். சந்தோஷமாக அவன் எண்ணை அழுத்தினேன். அணைந்து கிடந்தது. மறுபடி அழுத்தினேன். மத்தியானம்வரை அழுத்தினேன். சார்ஜ் போட இடமில்லாதவன் ஃபோன் எப்படி எடுக்கும்? பிளக்கைப் பூட்டச் சொன்னது நான் அடித்த கடிதம்.

ஆறாவது மாடிக்குப் போய் வேலாயுதம் அண்ணன் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, அந்தப் பையனுக்கு ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. ஆளைத்தான் காணோம்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"தெரியல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அவன் வலது கை அண்ணே. வியாழக்கிழமை போகலேன்னா..."

அவர் கதவைச் சாத்தினார். சரி, அவ்வளவுதான் மனுஷர் என்று நினைத்துக்கொண்டு லிஃப்டுக்கு வந்தேன். பின்னாலேயே குடையும் தொப்பியுமாக வந்தார். "எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?" என்றார்.

ஜாலான் புசாரின் இரும்புக்கடை வாசல்கள், மலிவு ஹோட்டல்களின் பின்சந்துகள், தேக்கா மார்க்கெட், கடைகளின் முகப்பில் ஓடும் ஐந்தடிப் பாதைகள் என்று இரண்டு நாள் அலைந்தோம். உதவி அமைப்பில் கேட்டோம், அவர்களிடமும் அவன் வரவில்லை. வியாழக்கிழமை எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. மருத்துவமனை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. மூன்றாம் நாள் அண்ணனுக்குக் கால் வீங்கிவிட்டது, ஆனாலும் வந்தார். வழியெல்லாம் என்னைத்தான் திட்டினார். "நீ படிச்சவதானே, நான் சொன்னா அப்படியே போட்டுடுவியா?" என்றார். நான் பதிலுக்குத் திட்டவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஊழியர்கள் விடுமுறைக்குக் கூடும் தேக்காவில் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், அவன் ஊர்க்காரன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. கேலாங்கில் இருக்கும் சிவன் கோயிலுக்கு ஓடினோம். வாசலில் பக்தர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான் செல்வகுமார். கோயிலில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததாம்.

வேலாயுதம் அண்ணன் மூச்சு வாங்கக் கத்தினார். "ஏண்டா, சொல்லாமக் கொள்ளாம எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க," என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து ஞாபகப்படுத்தினான்.

மறுபடி ஒரு தேதி கிடைக்கப் பத்து நாள் ஆனது. சிகிச்சைக்குப் பிறகு டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த 'இன்னும் கொஞ்சம்' யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சில வாரங்களில் செல்வகுமாரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சி செய்தால் விரல்கள் மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்று விமான நிலையத்தில் நானும் அண்ணனும் மாறி மாறி அவனிடம் சொன்னோம். அவன் எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல 'சரிக்கா, சரி சார்' என்றான்.

அந்தச் சமயத்தில் நாடாளுமன்றத்தில் வெளிநாட்டு ஊழியர்கள் பற்றி விவாதம். "பவானி, ஒரு ஆள் குடுங்க," என்றார் பாஸ். இருந்ததே ஓர் ஆள்தான். 'குடியிருப்பாளர் ஒருவர் இவருடைய நிலையை என் கவனத்துக்குக் கொண்டுவந்தார்' என்று நாசூக்காக எழுதிக் கொடுத்தேன். கொண்டுவந்தார்தானே? பாஸ் அதைச் சபையில் கொஞ்சம் சமைத்துவிட்டார். தள்ளாத வயதில் ஒரு தமிழ்ப் பெரியவர், முன்பின் தெரியாத ஊழியருக்காகத் தன்னிடம் வந்து கண்ணீரோடு மன்றாடினாராம். இதுவல்லவோ நம் சமூகத்தின் இதயம் என்று உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டினார்களாம். தொலைக்காட்சியிலும் வந்தது. புளோக்கில் யார் அந்தப் பெரியவர் என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. சமூக மன்றத்தில் வேலாயுதம் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னாடையோடு எடுத்த படத்தில் அவர் முகம், வாயில் வேப்பங்கொழுந்தை வைத்துக்கொண்டு சிரிப்பவர் முகம்போல இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வரிசை எண் ஒன்றை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். அண்ணன் பதினெட்டாவதாக வந்தார். என் மேசையில் உட்காரவில்லை. நேரே பாஸிடம் போய், பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த பொன்னாடையை அவர் முன்னால் வைத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"இத நீங்களே வச்சுக்குங்க சார். நான் அந்தப் பையனுக்காக வந்து அழல. அவனத் தொரத்தச் சொல்லித்தான் வந்தேன்."

"அங்கிள், விடுங்க. முடிவு நல்லபடியாத்தானே ஆச்சு?"

"நீங்க தப்பா பேசிட்டீங்க. திருத்திப் பேசுங்க."

"ஸ்பீச் முடிஞ்சிடுச்சு லா அங்கிள். ரெக்கார்ட்ல ஏறியாச்சு."

"பாஸ், அந்தக் கடிதத்த அப்படி எழுதினது நான்," என்றேன். "அவன் மொதல்ல வந்தப்ப ஃபார்மைக் கிழிச்சுப் போட்டதும் நான்தான்."

பாஸ் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டது நான் என்று சொல்வார் என ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் எதிர்பார்த்தது என் தப்பு.

"சரி, அவரு இப்ப நல்லாத்தானே இருக்காரு? நம்பர் இருக்கா? நானே ஒரு வார்த்த பேசிடறேன்," என்றார். தான் ஒரு வார்த்தை பேசினால் உலகத்தில் எதுவும் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஃபோனை மேசைமேல் வைத்தேன். அவன் ஊரில் இன்னும் ஏழு மணிகூட ஆகியிருக்காது.

"தம்பி, சிங்கப்பூர்லேர்ந்து எம்.பி. அறவாழி பேசறேன். சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தார் பாஸ்.

"ஐயா! வணக்கம்யா! சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்யா. வலது கைல சோறு அள்ள வரல. இடது கையாலதான் சாப்பிடறேன். முடியக் கொஞ்சம் நேரமாகும். நீங்க சொல்லுங்கய்யா."

பாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களாய்யா?"

வேலாயுதம் அண்ணன் மேசைமேல் குனிந்தார். "இருக்கோம்ப்பா," என்றார். "நீ சாப்பிடு."

தட்டு நகரும் சத்தம் கேட்டது. பத்தொன்பதாம் எண்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் ஃபோனை வைக்கவில்லை.